வீட்டு உறுதியில் அவள் பெயர், கல்யாணப் பதிவில் வாப்பாவின் கையெழுத்து

"சுதந்திரம், சமத்துவம், நீதி ஆகிய எண்ணக்கருக்களுக்கிடையிலான தொடர்பினை ஆராய்க." உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்த ஆட்களுக்கு இந்தக் கேள்வி நல்ல பழக்கம். கம்பஸ் வந்த பிறகும் அது எங்களை விட்டபாடில்லை. விடையும் எங்களுக்கு மனப்பாடம். பிரான்ஸ், 1789 என்று தொடங்க வேண்டும். சுதந்திரம் கூடினால் சமத்துவம் குறையும், சமத்துவம் கூடினால் சுதந்திரம் குறையும் என்று நடுவில் எழுத வேண்டும். கடைசியில் நீதி என்ற அம்மா வந்து தராசைப் பிடித்து இரண்டையும் சமப்படுத்துவா. புள்ளியும் கிடைக்கும்.

இந்த விடை பொய் என்பதுதான் எங்கட கட்சி. பிழை என்று சொல்லியிருக்கலாம். ஆனா நம்ம நாட்டில இந்தத் தராசுக் கதையை வைத்து எழுபது வருஷத்துக்கு மேலாக ஒரு சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு வாறாங்க. அதனால பொய் என்றே சொல்றோம்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்ல வேணும். சொறிக்கல்முனைக் கோயிலடியில் கூடுகிற வாசிப்பு வட்டத்து ஆட்கள். பாதிப் பேர் இந்த ஊர்க் கத்தோலிக்கப் பிள்ளைகள். மிச்சப் பேர் கிட்டங்கித் தாம்போதிக்கு அங்கால இருந்து, கல்முனைக்குடி, மருதமுனை, நற்பிட்டிமுனையிலிருந்து வாறவங்க. மாரியில தாம்போதிக்கு மேலால தண்ணி பாய்ஞ்சா கூட்டம் இல்லை. எங்களில் சிலர் முஸ்லிம் பெண்கள். "நீங்க கிறிஸ்தவ ஊர்ப் பிள்ளைகள், எங்கட சட்டத்தில உங்களுக்கு என்ன வேலை?" என்று போன முறை ஒரு சகோதரர் கேட்டார். இந்தக் கட்டுரையின் பாதியை எழுதியது அந்தப் பெண்கள்தான். அவங்கட பெயரைப் போட்டால் நாளைக்கு வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று அவங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனாலதான் 'நாங்கள்' என்று எழுதுறோம்.

பேசப்போவது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றி.

எங்களோட சாதாரணதரம் வரைக்கும் படிச்ச ஒருத்தி இருக்கிறாள். சோதனை முடிஞ்ச கையோட நிக்காஹ். பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார், வாப்பா வலியாகக் கையெழுத்துப் போட்டார். அவள் உள்ளறையில இருந்தாள். அவள் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. மூன்றாம் வருஷம் அவர் தலாக் கேட்டார். காரணம் சொல்லச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை, சட்டமும் கேட்கச் சொல்லவில்லை. பிள்ளைச் செலவுக் காசுக்கு அவளும் உம்மாவும் காதியாரிடம் நடந்த நடை இன்னும் முடியவில்லை. எந்த ஊர்க் காதி என்று சொல்லமாட்டோம். அவரை மாற்றிவிட்டால் இந்தக் கதை மாறப்போறதில்லை.

இப்ப அந்த வீட்டைப் பாருங்கள். அவள் இருக்கிற வீடு அவளுடையது. கிழக்குக் கரையில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இந்த வழக்கம் ஒன்றுதான். தாய்வழிக் குடி முறையும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வருஷக்கணக்கில் வேலை செய்து, 2008இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். (சீதன வீடு பெண் விடுதலை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த வீட்டைக் கட்ட வாப்பாவும் நானாமாரும் கட்டாரில் முறிகிற முறிவு எங்களுக்குத் தெரியும்.) ஆனா இந்த முரணைக் கவனியுங்கள். நொத்தாரிசுக்கு முன்னால் அவள் பெயரில் உறுதி எழுதலாம். அதே ஆள், அதே கிழமையில், தன் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட ஏலாது. பத்துப் பேர்ச் காணிக்கு உரிமைக்காரி, தனக்கு உரிமைக்காரி இல்லை.

சட்டத்தில் இருக்கிற மற்றதையும் சொல்லிவிடுவோம், வாசிக்காமல் சண்டைக்கு வருகிற ஆட்கள் கூட. ஆகக் குறைந்த வயது என்று ஒன்று இல்லை. 23ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் காதி விசாரித்து அனுமதி தரவேண்டும். பன்னிரண்டு தாண்டினால் அந்த அனுமதியும் தேவையில்லை. நாட்டில் மற்ற எல்லோருக்கும் 1995இல் பதினெட்டு ஆக்கினார்கள், முஸ்லிம் பிள்ளைகளை விட்டுவிட்டு. அதே 1995இல் தண்டனைக் கோவையைத் திருத்தி, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உடலுறவு வைத்தால் அவள் சம்மதம் இருந்தாலும் அது வன்புணர்வு என்றார்கள். ஒரு விதிவிலக்கோடு: அவள் பன்னிரண்டு தாண்டிய மனைவியாக, நீதிமன்றத்தால் பிரிக்கப்படாதவளாக இருந்தால் குற்றமில்லை. காதி ஆணாகத்தான் இருக்கவேண்டும். விவாகப் பதிவாளரும் பக்கத்தில் உட்காருகிற மதிப்பிடுநரும் ஆண்கள்தான். சட்டத்தரணி அங்கே பேச அனுமதியில்லை. ஆண் தலாக் சொல்லக் காரணம் தேவையில்லை, பெண் பஸஹ் கேட்டால் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும்.

இதெல்லாம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு எதிர் என்று முதலாம் வருஷ மாணவனுக்கும் தெரியும். சட்டத்தின் முன் யாவரும் சமம், பால் காரணமாக ஓரங்காட்டக் கூடாது. அப்படியென்றால் ஏன் நீதிமன்றம் போகேலாது? நாலு உறுப்புரை தள்ளி 16(1) இருக்கிறது. 1978க்கு முன்னால் இருந்த எழுதிய சட்டம், எழுதாத சட்டம் எல்லாம் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது அது. முன்வாசலால் சமத்துவத்தை உள்ளே எடுத்து, கோடிப்பக்கத்தால் வெளியே விட்ட கதை.

இந்த இடத்தில் எங்கட தமிழ்ப் பொடியன்மார் "அவங்கட சட்டம் அப்படித்தான் மச்சான்" என்று சிரிக்க வேண்டாம். அதே 16(1)தான் தேசவழமையையும் காப்பாற்றுகிறது. யாழ்ப்பாணத்தில் கல்யாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கப் புருஷன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். தீக முறையில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு மறுக்கிற கண்டிச் சட்டமும் அதே கூரையின் கீழ்தான். தெருவில் நிற்கிற ஏழைப் பெண்ணைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிற 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் சட்டமும் அங்கேதான். 16(1) எந்தச் சமயத்தையும் சேர்ந்ததில்லை. அது இந்த நாட்டு ஆம்பிளைகள் இன வித்தியாசம் பார்க்காமல் சேர்ந்து நிற்கிற ஒரே இடம்.

இனி தராசுக் கதைக்கு வருவோம். சட்டத்தைத் தொடாதே என்கிறவர்கள் சுதந்திரத்தின் பெயரால்தான் பேசுகிறார்கள். சிறுபான்மைச் சமூகம் தன் மார்க்கப்படி வாழ்கிற சுதந்திரம், அரசாங்கம் தலையிடாத சுதந்திரம். ஐசாயா பேர்லின் 1958இல் எதிர்மறைச் சுதந்திரம் என்று பிரித்துச் சொன்னாரே, அது. சரி, பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். தலையிடாமல் விடுவதுதான் சுதந்திரம் என்றால், பதினைந்து வயதுப் பிள்ளையின் வாழ்க்கையில் தலையிட்டது யார்? வாப்பா, பதிவாளர், காதி. இந்தக் காதிக்குக் கொடுப்பனவு கொடுப்பது அரசாங்கம். அவர் தீர்ப்பை நிறைவேற்றித் தருவது அரசாங்கத்தின் நீதவான் நீதிமன்றம். அரசாங்கம் தலையிடவில்லை என்று யார் சொன்னது? அது 1951இலிருந்து தலையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு பக்கத்துக்காக.

சமூகங்களைத் தங்கட பாட்டில் விடவேண்டும் என்று கோட்பாட்டில் ஆகக் கடுமையாக வாதாடியவர் சந்திரன் குகதாஸ். (பெயரைப் பார்த்தாலே நம்மட ஆள் மாதிரிக் கிடக்கு.) 1992இல் அவர் எழுதிய கட்டுரையை வட்டத்தில் இரண்டு முறை வாசித்தோம். அவர்கூட ஒரு நிபந்தனை வைக்கிறார்: பிடிக்காதவர் வெளியேற வழி இருக்கவேண்டும். நம்ம நாட்டில் அந்த வழி இருக்கிறதா? கண்டிச் சிங்களவர் கண்டிச் சட்டத்திலும் கட்டலாம், பொதுச் சட்டத்திலும் கட்டலாம், அவங்கட விருப்பம். இரண்டு முஸ்லிம்கள் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கல்யாணம் செய்யேலாது. அந்தச் சட்டமே அவர்களை வெளியே வைத்திருக்கிறது. 2021இல் அமைச்சரவை இதை மாற்ற முடிவெடுத்ததாகச் செய்தி வந்தது. செய்தியோடு நின்றுபோனது. சமூகத்தின் சுதந்திரம் என்று நீங்கள் சொல்கிற பொருளுக்குள் ஒரு தனி ஆள் சுதந்திரமாக வெளியே வர ஒரு சின்னக் கதவும் இல்லை. இதற்குச் சுதந்திரம் என்ற பெயரை யார் வைத்தது?

"இது அல்லாஹ்வின் சட்டம், மனிசர் கைவைக்கேலாது." இதற்கு எங்கட வட்டத்து மௌலவி மகள் ஒருத்தி சொன்ன பதிலை அப்படியே போடுறோம். டச்சுக்காரர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த தொகுப்பை ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக்கினாங்க. 1929இல் கட்டளைச் சட்டம் ஆக்கினாங்க. 1951இல் சிங்களவர் பெரும்பான்மையாக இருந்த பாராளுமன்றம் கையுயர்த்தி இப்ப இருக்கிற சட்டத்தை நிறைவேற்றியது. அதுக்குள்ள 'கைக்கூலி' என்று ஒரு சொல் இருக்கு. பெண் பக்கத்தால் மாப்பிள்ளையிடம் கொடுக்கிற காசு. ஆங்கிலப் பிரதியிலும் அதே தமிழ்ச் சொல்தான். குர்ஆனில் மஹர் இருக்கு, கைக்கூலி எங்க இருக்கு? நம்மட ஊர்ச் சீதனத்துக்கு இடம் விட்ட சட்டம், ஒரு புள்ளயின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விடமாட்டாதாம். தூனிசியா 1956இல் பலதாரமணத்தைத் தடை செய்தது. மொரோக்கோ 2004இல் குடும்பச் சட்டத்தை மாற்றியது. மலேசியாவிலும் பலஸ்தீனத்திலும் ஷரீஆ நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். அங்கே இல்லாத இஸ்லாமா கல்முனையில் இருக்கு?

அவள் சொன்னது இவ்வளவு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை.

அடுத்த வாதம்தான் உண்மையில் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க எங்களுக்கு மனமில்லை. "இப்ப சட்டத்தைத் தொட்டால் இனவாதிக்குக் கையில் பொல்லு கொடுத்த மாதிரி." இந்தப் பயம் கற்பனை இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் பெண்கள் பஸ்ஸில் ஏறவே பயந்த நாட்கள் எங்களுக்கு ஞாபகம் இருக்கு. 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்று ஜனாதிபதி செயலணி போட்டபோது தலைவராக வைத்தது யாரை? ஞானசார தேரரை. சமத்துவம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்ட அன்று, எங்கட முஸ்லிம் சிநேகிதிகள் அந்தச் சொல்லையே வெறுத்தார்கள். அதில் பிழை இல்லை.

கொரோனா காலத்தைவிட இதற்கு நல்ல பாடம் எங்களுக்குக் கிடையாது. 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது: கொவிட்டால் இறந்தவர் எல்லோரையும் எரிக்க வேண்டும். எல்லோரையும்! சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று ஒரு வித்தியாசமும் இல்லை. வடிவத்தில் பார்த்தால் இதைவிடச் சமமான சட்டம் இருக்கேலாது, எல்லோருக்கும் ஒரே நெருப்பு. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது, கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான பிள்ளையை எரித்தார்கள். பொரளை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 10, 12, 14 ஆம் உறுப்புரைகளைக் காட்டி உயர் நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கே எடுக்காமல் மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். எங்கட ஊரிலும் சவத்தை மண்ணுக்குக் கொடுக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் இரவில் நித்திரையில்லாமல் கிடந்தன. கடைசியில் 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். மன்னிப்புக் கேட்க அமைச்சரவைக்கு 2024 ஜூலை வரை சென்றது.

ஆகவே எங்களிடம் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. எரித்தபோது சமத்துவம் என்று ஒன்றைக் காட்டினார்கள், அதற்குள் சுதந்திரம் இல்லை. விவாகச் சட்டத்தில் சுதந்திரம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், அதற்குள் சமத்துவம் இல்லை. தராசுக் கதைப்படி பார்த்தால் ஒன்றில் சுதந்திரத்தைக் கொஞ்சம் கூட்டி, மற்றதில் சமத்துவத்தைக் கொஞ்சம் கூட்டி, நடுவில் நிற்கலாம். பாதி எரித்துப் பாதி புதைக்கிறதா? பதினைந்து வயதை பதினாறரை ஆக்குகிறதா? கூட்டிக் குறைக்கிற கணக்கே இங்கே பொருந்தாது. ஜோன் ரோல்ஸ் 1971இல் எழுதிய முதலாவது கோட்பாட்டைத் திருப்பி வாசியுங்கள். அவர் கேட்பது வெறும் சுதந்திரம் இல்லை, சமமான அடிப்படைச் சுதந்திரங்கள். சமத்துவம் சுதந்திரத்துக்கு வெளியே நின்று இழுபறிப்படவில்லை, உள்ளுக்குள்தான் இருக்கிறது. அவருடைய அறியாமைத் திரைக்குப் பின்னால் ஒரு தரம் போய் நில்லுங்கள். மருதமுனையில் ஆணாகப் பிறப்பீர்களா பெண்ணாகப் பிறப்பீர்களா என்று தெரியாது. கொழும்பில் பெரும்பான்மையா சிறுபான்மையா என்றும் தெரியாது. 23ஆம் பிரிவுக்குக் கையுயர்த்துவீர்களா? எரிக்கிற வர்த்தமானிக்கு? இரண்டுக்கும் மாட்டீர்கள், ஒரே காரணத்துக்காக. (ரோல்ஸும் குடும்பத்துக்குள் எட்டிப் பார்க்காமல் போய்விட்டார் என்று 1989இல் சூசன் மோலர் ஒகின் அவரைப் பிடித்து உலுக்கினார். அது நியாயமான உலுக்கல்தான்.)

அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கேலாது, ஒன்றைப் பிரித்தால் மக்களாட்சியே போய்விடும் என்ற கருத்தில் பேசினார். அந்த மனிதர் 1951இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டார், இந்துப் பெண்களுக்குச் சொத்திலும் விவாகரத்திலும் உரிமை தருகிற சட்டமூலத்தை இழுத்தடித்ததற்காக. அதே 1951. டெல்லியில் ஒருவர் பெண்களின் சட்டத்துக்காகப் பதவியை விட்ட வருஷத்தில்தான் கொழும்பில் நாங்கள் பேசுகிற சட்டம் நிறைவேறியது. டெல்லிக்காரரைப் புகழவும் இதைச் சொல்லவில்லை. 2019இல் அங்கே முத்தலாக்கைச் சிறைக் குற்றமாக்கிய கதையைப் பார்த்தால், பெண்ணின் பெயரில் பொல்லை எடுப்பது எப்படி என்று தெரியும்.

பொல்லுப் பயத்துக்கு எங்கட பதில் இதுதான். பொல்லை இனவாதியிடம் கொடுத்தது சீர்திருத்தம் கேட்ட பெண்கள் இல்லை. ஓட்டையை அடைக்காமல் விட்டவர்கள்தான் கொடுத்தார்கள். எண்பதுகளிலிருந்தே முஸ்லிம் பெண்கள் இதைக் கேட்கிறார்கள், ஞானசார யார் என்று யாருக்கும் தெரியாத காலத்திலிருந்து. எழுபதுகளில் ஒரு குழு, 1990இல் ஒரு குழு. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு. அது அறிக்கை கொடுக்க 2018 ஜனவரி ஆனது. ஒன்பது வருஷம்! அதுவும் ஒரு அறிக்கை இல்லை, குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு சிபாரிசு. 2009இல் பிறந்த பிள்ளைக்கு அதற்குள் சட்டப்படி காதியார் அனுமதியோடு கல்யாணம் எழுதியிருக்கலாம். காலம் சரியில்லை, காலம் சரியில்லை என்று எந்தக் காலத்தில்தான் சொல்லாமல் விட்டீர்கள்? 2016இல் ஹைஷ்யாமா ஹாமீனும் ஹசனா சேகு இஸ்ஸதீனும் சமமற்ற குடிமக்கள் என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வைத் தேடி வாசியுங்கள். காதி நீதிமன்றத்துக்குப் போன பெண்களின் வாயால் வந்த கதைகள் அவை. எங்கட சிநேகிதியின் கதை அதில் இல்லை, ஆனா அதில் இருக்கிற கதைகள் எல்லாம் அவளுடையது போலவே இருக்கு.

அமர்த்தியா சென் 2009இல் நீதி, நியாயம் என்ற இரண்டு சொல்லையும் வடமொழியிலிருந்து எடுத்து, ஒன்று விதியும் நிறுவனமும், மற்றது சனங்கள் உண்மையில் வாழ்கிற வாழ்க்கை என்று பிரித்துக் காட்டினார். இதற்கு எங்களுக்கு ஹார்வர்ட் போகத் தேவையில்லை. கட்டடத்துக்கு நீதிமன்றம் என்று பெயர். ஆனா அங்கே போகிற உம்மாமார் யாரும் நீதி கேட்டு வந்தேன் என்று சொல்வதில்லை. "நியாயம் கேக்க வந்தன் காதியார்" என்றுதான் சொல்றாங்க. முழுமையான நீதி எது என்று தீர்மானித்த பிறகுதான் கண்ணுக்கு முன்னால் இருக்கிற அநியாயத்தை நிறுத்தவேண்டும் என்றில்லை என்பது சென்னின் வாதம். எங்களுக்கும் அவ்வளவு போதும்.

கேட்கிறது என்ன என்று சுருக்கமாகச் சொல்றோம். விதிவிலக்கில்லாமல் பதினெட்டு வயது. மணமகளின் கையெழுத்து. பெண்களும் காதியாக, பதிவாளராக வரலாம் என்ற ஒரு வரி. சட்டத்தரணியைக் கூட்டிப்போகிற உரிமை. விரும்புகிறவர் பொதுச் சட்டத்தில் கட்டுகிற வழி. இவற்றில் ஒன்றுகூட யாருடைய தொழுகையையும் நோன்பையும் தொடவில்லை. இதோடு, எல்லாச் சமூகத்துக்குமாக, 16(1) போகவேண்டும். தேசவழமையும் கண்டிச் சட்டமும் அந்த வெளிச்சத்தில் நிற்கட்டும். முஸ்லிம் சட்டத்தை மட்டும் மாற்று, 9ஆம் உறுப்புரை, கண்டிச் சட்டம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்கிறவரோடு எங்களுக்கு ஒரு கூட்டும் இல்லை. எங்கட பக்கத்தை எடுத்து அவங்கட பேஸ்புக்கில் போடவும் வேண்டாம்.

வாற மாதம் முதலாவது சனிக்கிழமை பின்னேரம் கோயிலடியில் சட்டத்தை முதலாம் பிரிவிலிருந்து வரிவரியாக வாசிக்கப் போறோம். தமிழ்ப் பிரதி எடுத்து வைச்சிருக்கிறம். எங்களோடு சண்டை பிடிக்க விரும்புகிற சகோதரர்களும் வரலாம், பிரதியை வாசித்துவிட்டு வந்தால் நல்லது. கிட்டங்கியில் தண்ணி பாய்ஞ்சால் அதற்கடுத்த சனிக்கிழமை.